யாரும் தண்ணீர் ஊற்றாத செடி

பூந்தொட்டி மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்த ஒரே ஒரு மனுஷியைத்தான் நான் கண்டிருக்கிறேன். அது என் மதினி, அண்ணன் மனைவி. பட்டப்பகலிலும் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்த அறையில், மஞ்சளாகித் தொங்கிய மணிபிளான்ட் முன்னால் குந்தியிருந்தாள். குழம்புக்கு உப்புப் பார்ப்பதுபோலக் கண்ணை மூடிச் சப்புக்கொட்டினாள். பிறகு எழுந்து போய் ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு வந்து, "கருவாட்டுப் பானை கணக்கா கரிக்கி பிள்ள. நாந்தான் இதைக் கொன்னுருக்கேன்" என்றாள். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள் என்பதால் அவளை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளுக்கு நான் பயப்படுகிற அளவுக்கு வேறு யாருக்கும் பயந்ததில்லை.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து அந்தமானில் உள்ள போர்ட் பிளேருக்கு வந்தவர்கள். அண்ணன் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். ஜங்லிகாட் பகுதியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் கீழ்த்தளத்தில் வாடகை வீடு. ஜன்னலைத் திறந்தால் கை எட்டும் தூரத்தில் அடுத்த கட்டிடத்தின் சுவர். அண்ணன் நடமாடிக்கொண்டிருந்தவரை அந்த இருட்டு எங்களுக்கு உறைத்ததே இல்லை. தூங்குவதற்கு மட்டும்தானே அவன் வீட்டுக்கு வருவான். ஒரு மழைக்காலத்தில் படகிலிருந்து படகுத்துறை ஜெட்டிக்குத் தாவியபோது வழுக்கி விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டான். மெயின்லேண்டுக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து திரும்பக் கூட்டிவந்தோம். ஆபரேஷன் நன்றாகவே முடிந்திருந்தது. "தினமும் புரண்டு, எழுந்து உட்காரப் பழகணும். படுத்தே கிடந்தா கால் ரெண்டும் சூம்பிப் போயிடும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அண்ணன் படுத்தே கிடந்தான். சுவரைப் பார்த்து ஒருக்களித்தவன் ஒருக்களித்தவன்தான். வலிக்கிறது என்பான், அது பொய்யில்லை. ஆனால் வலியைவிட மனசுதான் அவனை அழுத்திக்கொண்டிருந்தது என்பது எங்களுக்குத் தெரியும். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் முதுகைத்தான் காட்டினான். வீட்டுக்கே நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொண்டுவந்த பங்குச் சாமியாருக்கும் சுவரைப் பார்த்தபடியேதான் வாயைத் திறந்தான். நான் அடுப்படியில் நின்று அழுவேன். மதினி அழுது நான் பார்க்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரரிடம் போய் இன்னொரு ஜன்னல் வைத்துத் தரும்படி சண்டை போட்டாள். அவர் மாட்டேன் என்றார். "சரி, வெளிச்சம் வராட்டி போவுது. பச்சையாவது உள்ள வரட்டும்" என்றாள். அப்படித்தான் செடி வளர்க்கும் எண்ணம் வந்தது.

முதலில் ரோஜா. இங்குள்ள தமிழர்கள் லீவு முடிந்து கப்பலேறும்போது ரோஜாக் கன்றும் மல்லிகைக் கன்றும் இல்லாமல் வரமாட்டார்கள். சாக்கில் சுற்றி, கப்பல் படுக்கையில் தலைமாட்டிலேயே வைத்துப் பச்சைப்பிள்ளை மாதிரி காவல் காப்பார்கள். அப்படி வந்த ஒரு ரோஜா, டியூப்லைட்டைச் சூரியன் என்று நம்பிக் கொஞ்ச நாள் இருந்து, பிறகு இலை ஒன்றுகூட மிச்சமில்லாமல் கொட்டிவிட்டது. அடுத்தது, பக்கத்து வீட்டு வங்காளப் பெண் ஒடித்துக் கொடுத்த மணிபிளான்ட். அது எந்த இருட்டிலும் வளரும். வளர்ந்திருக்கவும் செய்யும், எங்கள் வீட்டு வழக்கம் மட்டும் இல்லாதிருந்தால்.

கோடையில் எங்களுக்கு நாள் விட்டு நாள்தான் குழாயில் தண்ணீர் வரும். நல்ல தண்ணீரை மிச்சம் பிடிக்க, ஜெட்டியிலிருந்து கடல் தண்ணீர் எடுத்துவந்து மீனை முதலில் அதில் அலசுவோம். இரண்டாம் அலசல்தான் நல்ல தண்ணீரில். இரண்டாவதாக மீன் கழுவிய அந்தத் தண்ணீரை எங்கள் ஆட்கள் யாரும் சாக்கடையில் ஊற்ற மாட்டார்கள். அது முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் போக வேண்டிய சத்து. மதினியும் அதைத்தான் தொட்டியில் ஊற்றிவந்தாள். முற்றத்து முருங்கை என்றால், மீனோடு ஒட்டிக்கொண்டு வந்த கடல் உப்பை மழை கழுவிக்கொண்டு போய்விடும். வீட்டுக்குள் ஏது மழை?

செத்த செடியை அவள் வெளியே எடுத்துப்போனபோது அண்ணன் சுவரைப் பார்த்தே பேசினான். "விடுளா. இந்த ரூம்ல எதுவும் பிழைக்காது." செடியை மட்டுமா சொன்னான்? மதினி வாசலில் நின்று திரும்பி, "பிழைக்கிறது எதுன்னு நான் பாத்துக் கொண்டாறேன். அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டுக் கெடங்க" என்றாள்.

இன்று போனைத் திறந்தால் 'சோம்பேறிகளுக்கான செடிகள்' என்று வரிசையாக வீடியோ வருகிறது. மதினி அதையெல்லாம் நம்பும் ஆளில்லை. நர்சரிக்கும் வரமாட்டேன் என்றாள். "அங்க எல்லாம் சிங்காரிச்சுத்தான் வச்சிருப்பான். பொண்ணு பாக்கையில எவ அழகாயில்ல?" என்று கேட்டாள். அவளுடைய வழி வேறு. என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஊரில் உள்ள இருட்டு மூலைகளையெல்லாம் பார்த்து வந்தாள். லாட்ஜ் மாடிப்படி, கிளினிக் நடைவழி, மாதா கோயிலில் சாமியார் பூசை உடுப்பு மாற்றும் அறை என்று எதையும் விடவில்லை. எந்தச் செடி வாட்டசாட்டமாக நின்றாலும் அவள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் ஊற்றுவது யார்? ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் அந்தச் செடி வேண்டாம்.

கடைசியில் சாத்தம் பகுதியில் ஒரு டீக்கடையின் பின்புறம் அவள் தேடியது கிடைத்தது. உடைந்த பிளாஸ்டிக் வாளியில், வெயிலே படாத சந்தில், வாள் மாதிரி நிமிர்ந்த தடித்த இலைகள், ஓரத்தில் மஞ்சள் கோடு. ஊரில் மருள் என்போம்; நர்சரியில் ஸ்நேக் பிளான்ட் என்று விற்கிறார்கள். வாளியில் டீத்தூளும் பீடித்துண்டும் கிடந்தன. "பையா, இஸ்கோ பானி கோன் தேதா ஹை?" என்று கடைக்காரரிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "கோயி நஹி, தீதி. அப்னே ஆப் ஹை" என்றார் அவர். யாருமில்லை, அதுவாக நிற்கிறது என்றதும் மதினியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிள்ளைக்கு அரசாங்க வேலை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. கேட்டு வாங்கி வேரோடு ஒரு பக்கக் கன்றைப் பிரித்து, சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள்.

அதை எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கும் அவளுக்கும் சண்டை. சுவரோரம், அண்ணன் கண்ணுக்கு நேராக வைக்கலாம் என்றேன். அவள் அவன் முதுகுப் பக்கம், ஒரு பழைய ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தாள். புதிதாக வாங்கிய மணிபிளான்ட் கொடியைத் தண்ணீர் நிரப்பிய ஊறுகாய் பாட்டிலில் போட்டு, அதையும் பக்கத்திலேயே வைத்தாள்.

"அண்ணனுக்குத் தெரியாதே மதினி."

"பாக்கணும்னா திரும்பட்டும்."

அன்று முதல் அந்த அறையில் செடிப் பேச்சுதான். மதினி அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள்; அவன் காதில் விழும்படி என்னிடம் சொல்லுவாள். வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவாள். பல வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அண்ணனின் கால் மெலிந்துகொண்டே வந்தது. இந்தப் பிடிவாதத்தில் அவன் காலே போய்விடுமோ என்று பயந்து, ஒருநாள் செடியைப் போனில் படமெடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டப் போனேன். மதினி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "போட்டோ காட்டுனா அவுக முதுகு திரும்புமா பிள்ள?" என்று கேட்டபோது அவள் குரல் நடுங்கியது. அவளுக்கும் பயம்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

பிறகு ஒரு சாயங்காலம், மண்ணைக் கீறிக்கொண்டு புது முளை வந்தது. பக்கத்து வீட்டு வங்காளப் பெண் வந்து "அரே வாஹ்!" என்று கத்தினாள். மதினி வேண்டுமென்றே தணிந்த குரலில் அவளிடம் எதையோ சொல்லிச் சிரித்தாள். சுவர்ப் பக்கமிருந்து அண்ணன் கேட்டான்: "எம்புட்டு உயரம் வந்திருக்கு?"

யாரும் பதில் சொல்லவில்லை. மதினி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களத்தான் கேக்கேன்" என்றான். அதற்கும் பதிலில்லை. கட்டில் முனகியது. பல்லைக் கடித்துக்கொண்டு, அம்மாவையும் மாதாவையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டு, மெதுவாக இந்தப் பக்கம் புரண்டான். அதோடு நிற்கவில்லை. முளை சரியாகத் தெரியவில்லை என்று முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். முகமெல்லாம் வேர்வை. அவன் முகத்தை நேராகப் பார்த்து எவ்வளவு நாளாகியிருந்தது! நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். அண்ணன் அந்த முளையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்திலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்துத் தொட்டிப் பக்கம் நீட்டினான்.

மதினி பாய்ந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். "ஊத்தாதீங்க, அழுகிப் போவும். உக்காந்து பாக்கத்தான் வச்சிருக்கு."

இப்போது அண்ணன் கைத்தடி ஊன்றி ஜெட்டிவரை போய், பையன்களுக்கு இன்ஜின் வேலை சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறான். வீட்டில் இருட்டு மூலை ஒன்றுவிடாமல் மருள் நிற்கிறது. தண்ணீர் ஊற்ற மட்டும் மதினி அவனை இன்னும் விடவில்லை.