கதியாலாய் நட்ட கண்டல்

கணவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, அடுத்த திங்கட்கிழமையே நான் பள்ளிக்கூடம் போனேன். இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் நிற்கலாமே என்றவர்களிடம், பிள்ளைகளின் பாடம் பிந்துகிறது என்று சொன்னேன். சுத்தப் பொய். பாடத்தைப் பற்றி எனக்கு எந்தக் கவலையும் இருக்கவில்லை. எதைப் பற்றியும் இருக்கவில்லை. செத்தவீட்டில்கூட எனக்கு அழுகை வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறுவேன், கரம்பொன்னில் இறங்குவேன். இடையில் பாலத்தில் கடலைக் கடந்தோமா என்பதுகூட நினைவில் இராது. ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்தால் மற்றவர்கள் கதைத்துக்கொண்டிருந்த கதை நின்றுவிடும். அது மட்டும் தெரிந்தது.

ஏழாம் தரத்துக்கு விஞ்ஞானம். பதினொரு பிள்ளைகள், அநேகமானோர் கடலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பங்கள். அந்தத் தவணையில் காடு பாதுகாத்தல் வந்தது. புத்தகத்துப் படத்தில் யானை நின்றது, அருவி விழுந்தது. நான் பாடத்தை வாசித்துக்கொண்டே போனேன். முன் வரிசை வாங்கில் இருக்கிற வாயாடி ஒருத்தி எழும்பினாள்.

"ரீச்சர், எங்கட ஊரில காடே இல்லை. எதைப் பாதுகாக்கிறது?"

கரையில் உப்புத் தண்ணிக்குள் நிற்கிற கண்டல் மரங்கள்தான் உங்கள் காடு என்றேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பத்து நிமிஷம் நடந்தால் சேற்றில் வேரூன்றி ஒரு பற்றை நின்றது. ஒரு காலத்தில் கரை முழுக்க நின்றதாம். விறகுக்கும் வலைத் தடிக்கும் போய், மிஞ்சியது அது ஒன்றுதான். அதன் வேருக்குள்தான் இறால் குஞ்சுகள் ஒதுங்குகின்றன, அது போனால் கரையைக் கடல் அரிக்கும், அப்பாமாருக்கு இறாலும் இல்லை என்றெல்லாம் சொன்னேன். சரியான பாடம்தான். சொன்ன குரல்தான் அஞ்சலோட்டப் போட்டிக்குப் பெயர் வாசிக்கிற குரல்.

மரம் நடவேண்டும், நட்டதைப் படம் எடுத்து அனுப்பவேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. "வெள்ளிக்கிழமை கண்டல் நடுவம், ஆளுக்கொண்டு கொண்டு வாங்கோ" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கண்டலின் காய் மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்கும், அதைத்தான் எடுத்துச் சேற்றில் ஊன்றவேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அந்த ஊரில் மரம் நடுவது என்றால் ஒரே அர்த்தம். மாரி தொடங்க, கிளுவையிலோ பூவரசிலோ கொப்பு வெட்டி வேலியில் ஊன்றுவார்கள். கதியால் என்பார்கள். ஒரு மாதத்தில் அது தளிர்த்து நிற்கும். தவழ்ந்த நாளிலிருந்து பிள்ளைகள் பார்த்தது அதைத்தான். ஆகவே வெள்ளிக்கிழமை பதினொரு பேரும் இலையோடு பதினொரு கண்டல் கொப்புகள் கொண்டு வந்தார்கள். அடியைக் கத்தியால் சரிவாகச் சீவியிருந்தார்கள். கதியாலுக்கு அப்படித்தான் சீவவேண்டும். நல்ல வேலை.

பிழை என்று பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்தது. வெட்டின கண்டல் கொப்பு வேர் விடாது. ஆனால் அதைச் சொல்வதென்றால் வாயைத் திறக்கவேண்டும், காரணம் சொல்லவேண்டும், இன்னொரு நாள் வைக்கவேண்டும். எனக்கு அலுப்பாக இருந்தது. "நடுங்கோ" என்றேன். நட்டார்கள். படம் எடுத்தோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் கடைசிப் பாடத்துக்குப் பிள்ளைகள் என்னைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். முதல் கிழமை இலை பச்சையாக இருந்தது. சரி, சேற்று ஈரம் என்று நினைத்தேன். இரண்டாம் கிழமையும் பச்சை. நாலாம் கிழமையும் பச்சை. படித்துப் பட்டம் வாங்கிய நான், ஒருவேளை பிடித்துவிட்டதோ என்று நினைத்தேன். குனிந்து ஒரு தடியை ஆட்டிப் பார்த்திருந்தால் போதும். குனியவில்லை.

யூலை மாதம், ஒரு வியாழக்கிழமை, பின்னேர பஸ்ஸைத் தவறவிட்டேன். அடுத்த பஸ் வர நேரம் இருந்தது. கால்போன போக்கில் கரைக்குப் போனேன். பற்றைக்குள் கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. என் வகுப்புத்தான். சப்பாத்துகளைக் கரையில் வரிசையாக வைத்துவிட்டு முழங்கால் சேற்றில் நின்றார்கள். வாயாடி வேரின் மேல் ஏறிக் கத்தியோடு நின்றாள். பக்கத்தில் காய்ந்து கறுத்த பழைய தடிகள் குவிந்து கிடந்தன. அதே குழிகளில் புதுக் கொப்புகளை ஊன்றிக்கொண்டிருந்தார்கள்.

சுற்றிக்கொண்டு கடற்பக்கம் போனேன். வெள்ளிக்கிழமைகளில் நான் நிற்கிற இடத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியாது. அங்கே பற்றையில் இலையே இல்லை. வெட்டின கட்டைகள் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன.

"என்ன செய்யிறீங்கள்?" என்று கேட்டேன்.

வாயாடிதான் மறுமொழி சொன்னாள். "பட்டுப்போச்சு ரீச்சர். முதல் கிழமையே பட்டுப்போச்சு. அதுதான் கிழமைக்குக் கிழமை மாத்திறனாங்கள்."

"ஏன்?"

"சேமக்காலையில சித்தப்பாவின்ர கல்லறையில பூ வாடினா மாத்தவேணும் எண்டு அம்மா சொல்லுவா. இல்லாட்டி பாக்கிற ஆக்களுக்கு இன்னும் கவலை எண்டு." கத்தியிலிருந்த சேற்றை வழித்தாள். "முதல் வெள்ளி பச்சையா நிக்கிறதைப் பாத்திட்டு நீங்கள் சிரிச்சனீங்கள் ரீச்சர்."

சிரித்தது எனக்கு நினைவில்லை. கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வெட்கம் வந்ததா என்றால் அதுவும் சரியாகத் தெரியவில்லை. கத்தியைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"கொப்பு நட்டா கண்டல் வராது, பிள்ளை. நீங்கள் கொண்டு வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் ரீச்சர் சொல்லேல்லை?"

"எனக்கு ஏலாமல் இருந்தது."

அது போதும் என்பதுபோல் தலையாட்டினாள். பிறகு கடற்பக்கம் திரும்பி, மொட்டையாய் நின்ற கட்டைகளைக் காட்டினாள். கிளுவையை மொட்டையடித்தால் அடுத்த மழைக்குத் தழைத்துவிடும். அந்த நம்பிக்கையில்தான் இவ்வளவும் வெட்டியிருக்கிறார்கள்.

"இது எப்ப ரீச்சர் திரும்பத் தளிர்க்கும்?"

மழைக்குத் தளிர்க்கும் என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் நம்பியிருப்பார்கள்.

"தளிர்க்காது. வெட்டின கொப்பில கண்டல் திரும்பத் தளிர்க்கிறேல்லை" என்றேன்.

மற்றப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் அப்படியே சேற்றில் குந்திவிட்டாள். சட்டை நனைவதைப் பார்க்கவில்லை. மூக்கு ஒழுக, வாயைத் திறந்து, ஓவென்று அழுதாள். நான் கத்தியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவளைத் தேற்றியிருக்க வேண்டும். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.