மூன்றாவது கேள்வி

பேருந்துப் பணிமனையில் சாவி ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிறவளுக்கு டிரைவர்கள் வைத்த பெயர் 'தூக்கப் போலீஸ்'. முகத்துக்கு நேராகச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் கிடையாது, நேரில் எல்லாருக்கும் அவள் அக்காதான். முதல் வண்டி கிளம்புவதற்கு வெகுமுன்பே வந்து, சுவரில் தொங்கும் சாவிகளைச் சரிபார்த்து, ஜன்னலைத் திறப்பாள். வரிசையில் வரும் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி. தூங்கினீர்களா? நடுவில் விழித்தீர்களா? இன்றைக்கு வண்டி எடுக்க மனசு வருகிறதா? பதில் சரியாக இருந்தால் சாவி கிடைக்கும். இல்லாவிட்டால் ஓய்வறைக் கட்டில்தான்.

மூன்றாவது கேள்வி மேலதிகாரிகள் சொல்லிக் கொடுத்ததல்ல, அவளாகச் சேர்த்துக்கொண்டது. "மனசு வந்தா என்ன, வராட்டி என்னக்கா? வண்டி டீசல்லதானே ஓடுது?" என்று தாடி டிரைவர் ஒருநாள் சீண்டினார். "வண்டி டீசல்ல ஓடும். நீங்க எதுல ஓடுறீங்க?" என்று அவள் கேட்டாள். வரிசை மொத்தமும் சிரித்தது. தாடிக்காரரும் சிரித்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

அவளை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. கேள்வி முடிவதற்குள் "நல்லாத் தூங்குனேன்க்கா" என்று பதில் வந்து விழுந்தால் அவளுக்குப் பொறி தட்டிவிடும். நிஜமாகவே தூங்கி எழுந்தவர் கொஞ்சம் யோசிப்பார், தலையைச் சொறிவார், "ம்... தூங்குனேன்னுதான் நெனைக்கிறேன்" என்று இழுப்பார். பொய்க்குத்தான் அவசரம். அதனால் ஒரு ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தாள்: தூங்கவில்லை என்று உண்மையைச் சொல்கிறவருக்குத் திட்டு கிடையாது, ஏன் எதற்கு என்ற குடைச்சல் கிடையாது. பேசாமல் போய்ப் படுக்கலாம்.

இத்தனை கெட்டிக்காரி வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டால் யாருக்கும் கோபம்தான் வரும்.

ஒரே மகள், பள்ளியின் கடைசி வகுப்பு. வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர். சில வாரங்களாகக் குட்டியின் அறையில் விளக்கு அணைவதே இல்லை. அம்மாக்காரிக்குப் பெருமை பிடிபடவில்லை. "எம்பொண்ணு விடிய விடியப் படிக்குறா" என்று சாவி கொடுக்கிற கையோடு டிரைவர்களிடம் அளந்துகொண்டிருந்தாள். யாராவது ஒரு டிரைவர் விடிய விடிய விழித்திருந்தேன் என்று சொல்லியிருந்தால் அந்த ஜன்னலில் என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை.

கண்ணில் படாமல் இல்லை. ஒரு காலுறை காணவில்லை என்பதற்காகக் குட்டி கட்டிலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். கையிலிருந்த டம்ளர் நழுவி உடைந்தபோது, அதைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். பேசினால் எரிந்து விழுந்தாள். வரவர எரிந்து விழுவதையும் விட்டுவிட்டாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் அப்பா, அவ்வளவாக வாய் திறக்காத மனிதர், ஒருநாள் காலணியை மாட்டிக்கொண்டே, "குட்டி முகமே சரியில்லையே, பாத்தியா?" என்றார். "பரீட்சை முடிஞ்சா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகும் அவர் கேட்டது அன்று முழுவதும் மனசை விட்டுப் போகவில்லை. அதை என்னவென்று திரும்பிப் பார்க்கப் பயம். பார்க்காமலே இருந்தாள்.

ஒவ்வொரு நாளும் மகளிடம் கேட்கத்தான் செய்தாள். சாப்பிட்டியா? படிச்சியா? எல்லாத்தையும் எடுத்து வெச்சியா? "ம்" என்று பதில் வரும். கேள்வி முடிவதற்குள் வரும்.

அந்தக் காலையில் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்துவிட்டாள். கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாமே கலங்கல். வீட்டுக்குப் போன் செய்து புலம்பிவிட்டு, வழக்கமாகக் கண்ணால் பார்ப்பதை அன்று காதால் பார்த்தாள். குரல்களை வைத்தே ஆளைப் பிடித்தாள், ஒருவரைக் கட்டிலுக்கும் அனுப்பினாள். முதல் கூட்டம் தீர்ந்து, தாடி டிரைவரும் சாவியை வாங்கிக்கொண்டு, தன் வண்டிக்கு இன்னும் நேரமிருந்ததால் பக்கத்திலேயே ஒதுங்கி நின்றார். அடுத்து ஜன்னலில் ஒரு சாம்பல்நிறச் சட்டை தெரிந்தது. டிரைவர்களின் சீருடை நிறம். ஒல்லியான உருவம், இழுத்துக் கட்டிய முடி. புதிதாகச் சேர்ந்திருக்கும் சின்னப்பெண் என்று நினைத்து, சாவிப் பலகையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"தூங்குனியாம்மா?"

பதில் உடனே வரவில்லை. நல்ல அறிகுறி, யோசிக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது.

"இல்ல."

"சரி. கொஞ்சமாவது கண்ணசந்தியா?"

"இல்ல. ரொம்ப நாளா இப்படித்தான். கண்ண மூடினா நெஞ்சு அடிக்க ஆரம்பிச்சுடுது."

குரல் தணிந்து, தேய்ந்து வந்தது. பலகையில் அவள் கை நின்றது. இந்தக் குரல் தெரிந்த குரல். ஆனால் வாய் பழக்கத்தில் ஓடிவிட்டது. மூன்றாவது கேள்வியும் வெளியே வந்துவிட்டது.

"வண்டி எடுக்க மனசு வருதா?"

"எதுக்குமே மனசு வரலம்மா. நாளைக்குன்னு ஒண்ணு வராமலே இருந்தா நல்லாருக்கும்னு தோணுது."

ஜன்னல் வழியாக ஒரு கை உள்ளே நீண்டது. அதில் மூக்குக்கண்ணாடிக் கூடு. நகங்களைச் சதை தெரியக் கடித்திருந்த விரல்கள். அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பள்ளிச் சீருடைக்கு மேல் அப்பாவின் சாம்பல்நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு குட்டி நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அந்தக் கறுப்பை ஒரு டிரைவரின் முகத்தில் பார்த்திருந்தால் கேள்வியே கேட்காமல் கட்டிலுக்கு அனுப்பியிருப்பாள்.

ஏன்டி சொல்லல, எத்தனை நாளா, போனை நோண்டிக்கிட்டே கெடந்தா இப்படித்தான், பரீட்சை நேரத்துல இது என்ன பேச்சு... அத்தனையும் நாக்கு நுனியில் வந்து முட்டின.

"உண்மை சொன்னா திட்ட மாட்டல்ல?" என்றாள் குட்டி. சின்ன வயதிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அம்மா சொல்லக் கேட்டுக் கேட்டு அந்த ஒப்பந்தம் அவளுக்கும் மனப்பாடம். "நீ எங்கிட்ட இதக் கேட்டதே இல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னவோ."

அம்மா நாக்கு நுனியில் நின்றதையெல்லாம் விழுங்கினாள். எழுந்தாள். வண்டிகள் கிளம்பும் நேரத்தில் அவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்து யாரும் பார்த்ததில்லை. "தாடி, இங்க வந்து உக்காருங்க" என்றாள். தாடி டிரைவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கேலி எதுவும் பேசாமல் வந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்குப் பரீட்சை இருக்கும்மா" என்றாள் குட்டி, கையைப் பிடித்து ஓய்வறைக்குக் கூட்டிப் போகும்போது.

"இருக்கட்டும். தூங்காதவங்களுக்கு வண்டி கிடையாது."

இரும்புக் கட்டிலில் குட்டி படுத்தாள். அடுத்த கட்டிலில், சற்று முன்பு அவள் அனுப்பி வைத்த டிரைவர் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக் குட்டிக்கு லேசாகச் சிரிப்பு வந்தது, சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்தது. அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டாள். கேட்கவே நாக்குக் கூசியது.

"செத்துப்போயிடலாம்னு தோணுதாடா?"

குட்டி யோசித்தாள்.

"சில நேரம் தோணுது. எதுவும் செஞ்சுக்கல. ஆனா தோணும்போது பயமா இருக்கும்மா."

"இனிமே தனியா பயப்பட வேணாம். அப்பாவக் கூப்பிடுறேன். இன்னிக்கே டாக்டர்கிட்ட போறோம். மூணு பேரும்."

அன்றைக்கே போனார்கள். மனநல மருத்துவர் முதலில் குட்டியிடம் தனியாகப் பேசினார், பிறகு மூவரிடமும். தூக்கம் கெட்டால் மனசு கெடும், மனசு கெட்டால் தூக்கம் கெடும், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்றார். சாகத் தோன்றுகிறதா என்று அம்மா கேட்டது நல்லதாயிற்று, அப்படி நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் வளர்ந்துவிடாது என்றும் சொன்னார். மருந்து, வாரா வாரம் பேச்சு, படுக்கும் நேரத்தில் போன் வேறு அறையில், கொஞ்ச நாளைக்குத் துணைக்கு ஒருவர். ஒரே வாரத்தில் மாறிவிடும் என்று அவர் சொல்லவில்லை. மாறவும் இல்லை. தவறவிட்ட பரீட்சையை நினைத்துக் குட்டி அழுத நாட்கள் உண்டு. ஒன்றுமே பேசாத நாட்கள் அதைவிட மோசம். அந்த நாட்களில் அப்பா வேலைக்குப் போகாமல், கழற்ற வேண்டியதே இல்லாத கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு கூடத்திலேயே உட்கார்ந்திருப்பார். அம்மா ஜன்னலில் சாவி கொடுத்துக்கொண்டே, மேசைமேல் இருக்கும் போனைப் பார்த்தபடி இருப்பாள். அது அடித்தாலும் பகீரென்னும், அடிக்காவிட்டாலும் பகீரென்னும்.

டிரைவர்களிடம் மகளைப் பற்றி அளப்பதை நிறுத்திவிட்டாள். பணிநேரத்தை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டாள், குட்டி எழும்போது வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக. இப்போது காலையில் அவள் கேட்கும் முதல் கேள்வி படிப்பைப் பற்றியதல்ல.

போன வாரம் ஒரு காலை, குட்டியின் கட்டில் பக்கத்தில் போய் நின்றாள்.

"தூங்குனியாம்மா?"

பதில் வரவில்லை. போர்வை அசையவில்லை. இன்னொரு முறை கேட்க வாயெடுத்தபோது போர்வைக்குள்ளிருந்து ஒரு கொட்டாவி வந்தது. பிறகு குட்டி தலையை வெளியே நீட்டி, முடியைச் சொறிந்துகொண்டு, மேற்கூரையைப் பார்த்து யோசித்தாள்.

"ம்... கொஞ்சம் தூங்குனேன்னுதான் நெனைக்கிறேன். நடுவுல முழிச்சுட்டேன். நெஞ்சு அடிச்சுது. உன்ன எழுப்பலாமான்னு பாத்தேன், அப்புறம் பாவம்னு விட்டுட்டேன்."

"எழுப்பியிருக்கலாமே."

"சரி" என்று குட்டி புரண்டு படுத்தாள். "நாளைக்கு எழுப்புறேன்."