கருநீலமா, எலுமிச்சை மஞ்சளா?

சக பெயிண்டர்களே, பெயிண்ட் அடிப்பது நமக்கு ஒரு வேலையே இல்லை. எந்தக் கலர் என்று வீட்டுக்காரர்கள் முடிவு செய்யும்வரை மூடி திறக்காத டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. மரக்காணத்தில் நான் அப்படி உட்கார்ந்த கதை இது.

அண்ணன் சொன்னது

ஏழுமலை அண்ணனும் அவர் மனைவி தேவகி அக்காவும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். புதுவீட்டுக்கு வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம், பாக்கி படுக்கையறை ஒன்றுதான். அண்ணனுக்குக் கருநீலம் வேண்டும், அக்காவுக்கு எலுமிச்சை மஞ்சள். சுவரில் பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு கட்டம் அடித்துக் காட்டினேன். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. மூன்று நாளாக எல்லாம் என் வழியாகத்தான். பக்கத்திலேயே நின்ற அக்காவைக் காட்டி அண்ணன் சொன்னார்:

"நாள் பூரா உப்பு வெள்ளையில கண்ணு எரிஞ்சுபோய் வர்றேன். வீட்லயாவது கண்ணுக்கு ரெஸ்ட் வேணாமான்னு அந்தம்மாவக் கேளுப்பா."

அக்கா சொன்னது

கேட்டேன். அக்கா என்னைப் பார்த்தபடியே பதில் சொன்னார்:

"அந்த நீலத்துல கொசு உக்காந்தா தெரியுமான்னு அவரக் கேளு."

மத்தியானத் தீர்ப்பு

புதன்கிழமை மத்தியானம் இருவரும் உப்பளத்திலிருந்து நேராக வந்தார்கள். வீட்டுக்குக் கரண்ட் இன்னும் வரவில்லை. புழுதி ஒட்டக்கூடாதென்று ஜன்னலையும் சாத்தியிருந்தேன். வெயிலில் வெள்ளை வெளேரென்ற உப்பைப் பார்த்துவிட்டு இருட்டறைக்குள் நுழைந்தால் என்ன தெரியும்? அண்ணன் தடவிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் கை வைத்து, "இதான் நீலம். பாக்கறப்பவே குளுகுளுன்னு இருக்குது" என்றார். அக்கா விடுவாரா? அடுத்த கட்டத்தில் கை வைத்து, "மஞ்சள்னா இது. ரூமே வெளிச்சமா இருக்குது" என்றார்.

ஜன்னலைத் திறந்தேன். அண்ணன் கை மஞ்சளில், அக்கா கை நீலத்தில். சிரித்த சிரிப்பில் நான் பட்டி வாளிமேல் உட்கார்ந்துவிட்டேன். அக்கா முந்தானையை வாயில் அடைத்தும் சிரிப்பு அடங்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் சொன்னார்:

"மஞ்சளே அடிச்சிடுப்பா. இவ சிரிச்சு மூணு நாளாச்சு."

மிச்சம் வைத்த கட்டம்

வியாழக்கிழமை குஷியாக ரோலரை உருட்டினேன். மூன்று சுவர் முடிந்து, நாலாவதில் அந்த நீலக் கட்டத்தை மூடப் போகிறேன், அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"அத விட்டுடு. அதுக்கு நேரா அவரு தலகாணியப் போட்டுக்கறேன்."

கலரை முடிவு செய்வது கண்தான் என்று நம்பித்தானே நாமெல்லாம் இவ்வளவு கனமான ஷேட் கார்டைச் சுமந்துகொண்டு திரிகிறோம்.