வாடவிட்ட வரிசை

மகள் தாவரவியல் முதுகலையின் கடைசிப் பருவத்தில் இருந்தபோது, நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் மொட்டைமாடியில் மூன்று வரிசை தக்காளித் தொட்டிகளை வைத்துவிட்டு, தேர்வுக்காகச் சேலத்து விடுதிக்குப் போனாள். அவள் திரும்பும்வரை செடிகள் என் பொறுப்பு. நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் செய்கிறவன். இரும்பில் தவறினால் மறுபடி ஒட்டிவிடலாம். செடியை என்ன செய்வது என்ற பயம் முதல் நாளே பிடித்துக்கொண்டது.

முதல் வரிசைக்குத் தண்ணீர் தாராளம். நடு வரிசையை வாடவிட வேண்டும்; சாகாமல் இருக்கச் சின்ன மூடியில் கொஞ்சம் ஊற்றினால் போதும். மூன்றாவதற்குத் தண்ணீரும் உண்டு, சாயங்காலம் இளந்தளிரில் பிரஷ்ஷால் தடவ ஒரு மருந்தும் உண்டு. வறட்சி வந்தால் செடி தானே சுரக்கும் ஹார்மோன்தான் அது என்றாள். வெளிச்சம் படக்கூடாதென்று வெள்ளித்தாள் சுற்றி, பிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"தண்ணி இருக்கறப்பவே இல்லைன்னு செடிய நம்ப வெக்கறோம்ப்பா. நம்புச்சுன்னா, அடுத்து வர்ற எலைல தொளையக் கொறச்சுக்கும்."

"அதுகிட்டப் போய் எதுக்குச் சாமி பொய் சொல்லிக்கிட்டு?"

"பொய்யின்னு அதுக்குத் தெரியாதுங்கப்பா."

இலையின் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அவை வழியாகத்தான் செடி காற்றை எடுக்கிறது, தண்ணீரையும் இழக்கிறது. மூன்று வரிசையிலும் துளைகளை எண்ணி ஒப்பிடுவதுதான் அவளுடைய ஆய்வு. எண்ணப்போகும் இலைகளின் காம்பில் சிவப்பு நூல் கட்டியிருந்தாள். மறுபடி வளர்க்க நாள் இல்லை. இது கெட்டால் அந்தப் பருவமே வீண்.

கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அக்கா துணி காயப்போட மேலே வருவார். நடு வரிசை வாடித் தொங்கிய பிறகு ஒரு நாள் காலை கேட்டார்.

"ஏந்தம்பி, நடு வரிசைக்காரங்க உனக்கு என்ன பண்ணுனாங்க?"

"புள்ள அப்படியே உடச் சொல்லீருக்குதுங்க்கா."

"படிக்கற புள்ள ஆயிரஞ் சொல்லும். ஊட்டு மேல செடி வாடிக் கெடந்தா நல்லாவா இருக்குது?"

ஊற்றிவிடாதீர்கள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது? சிரித்து வைத்துவிட்டு இறங்கினேன். பட்டறையில் அன்றெல்லாம் கை வேலையிலும் மனம் மாடியிலுமாக இருந்தது.

சாயங்காலம் போய்ப் பார்த்தால், நடு வரிசைத் தொட்டிகளில் மண் கறுத்துக் கிடந்தது. தரையெல்லாம் ஈரம். தொங்கிக்கொண்டிருந்த செடிகள் நிமிர்ந்து நின்றன. பார்க்க அழகாக இருந்தன. அப்படி இருக்கக்கூடாதவை அவை.

மறுநாள் அவளுக்குத் தேர்வு. சொல்வதா வேண்டாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் சொல்லிவிட்டேன். உடனே அவள் கேட்டாள்.

"நூல் கட்டுன எலையெல்லாம் நல்லா விரிஞ்சுதான இருக்குது?"

"ஏன் சாமி?"

"எத்தன தொளைங்கறது எலை பிஞ்சா இருக்கறப்பவே முடிவாயிரும்ப்பா. விரிஞ்ச எலைக்கு இப்பத் தண்ணி ஊத்துனா மூடுன தொளை தொறக்கும், அவ்வளவுதான். புதுசா மொளைக்காது."

ஒவ்வொரு நூலாகத் தொட்டுப் பார்த்தேன். மூலைச் செடியில் மட்டும் இலை இன்னும் சுருண்டிருந்தது.

"அது போகட்டும், மத்தது போதும். இனிமே ஊத்த வேண்டாம்னு அக்காகிட்டச் சொல்லீருங்கப்பா."

அதுதான் கஷ்டம். கீழே போய் வாசலில் நின்றேன்.

"என்ன தம்பி, வாடகைக்கு இன்னும் நாள் கெடக்குதே?"

எப்படியோ சொல்லி முடித்தேன்.

"அட, இத காத்தாலயே சொல்றதுக்கு என்ன? மனசு கேக்கலையேன்னு கொடங்கொடமா தூக்கிச் செமந்தேன். இடுப்புப் போச்சு."

தேர்வு முடிந்து வந்த மகள், நூல் கட்டிய இலைகளின் அடியில் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவிக் காயவைத்தாள். துளைகளின் அச்சுப் பதிந்த அந்தப் பூச்சை டேப் ஒட்டி உரித்து, கண்ணாடித் துண்டுகளில் பதித்துக் கல்லூரிக்கு எடுத்துப் போனாள். அங்கே மைக்ரோஸ்கோப்பில் வைத்து எண்ணினாள். பட்டறையில் இருந்தபோது போன் வந்தது. முதல் வரிசையைவிட நடு வரிசையில் துளைகள் குறைவு. மூன்றாவதிலும் குறைவு.

"நம்பிருச்சுப்பா," என்றாள்.

"அப்ப இனி எல்லாத்துக்கும் ஊத்தலாமா?"

"ஊத்துங்க."

மாடிக்குப் போய், நடு வரிசைக்குப் பழக்கத்தில் மூடியைத்தான் எடுத்தேன். கீழே வைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரோரம் போய்க் கூப்பிட்டேன்.

"அக்கா, மேல வாங்க. நீங்களே ஊத்துங்க."