தலைகீழாகப் பிடித்த அளவுகோல்

எண்பத்தொன்றாம் வருடம் புரட்டாசி மாதம், ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நடந்தது இது. பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஆட்கள் நடந்து போகிற பழைய தடத்தை ஜீப் போகும் மண் ரோடாக்க, அதன் மேடு பள்ளத்தைத் தொலைநோக்கி வைத்த லெவல் கருவியால் அளக்கப் போனேன்.

2. அளக்க உதவியாகக் கூட வந்த செயின்மேன் காய்ச்சலோடு மலையை விட்டு இறங்கிவிட்டார்.

3. எண்கள் போட்ட நீண்ட அளவுகோலை நிமிர்த்திப் பிடிக்க அந்த ஊர்ப் பெண் ஒருவரைக் கூலிக்கு வைத்துக்கொண்டேன்.

4. அன்று கடைசியாக அளந்த மூன்று இடங்களில், தடம் ஒன்றரை மீட்டருக்கு மேல் பள்ளம் என்று என் கணக்கு சொன்னது.

5. அவ்வளவு பள்ளத்தை மண் கொட்டி நிரப்ப வழியில்லை. ரோட்டை மேல் பக்கம் தள்ளிவிடலாம் என்று முடிவு செய்தேன். மேல் பக்கம் இருந்தது, கோல் பிடித்த அந்தப் பெண்ணின் சாமைக் கொல்லை.

அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னை அம்மா என்றார். மழை எங்கள் இருவருக்கும் ஒன்றாக இல்லை. தூறல் விழுந்தால் கருவியின் கண்ணாடி நனைந்து வேலை நின்றுபோகும். அதே தூறலில் அவருடைய கதிரில் பால் ஏறும். குடைக்குள் நின்று நான் அலுத்துக்கொண்டால், "இன்னாம்மா, நாங்க வேண்டிக்கினு வர வச்ச மழய நீங்க திட்றீங்களே" என்று சிரிப்பார்.

மறுநாள் காலை, ரோடு வரும் இடத்தைக் குறிக்கக் கொல்லைக்குள் முளை அடிக்கப் போய், அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பக்கத்துக் கதிரைத் தொட்டுவிட்டு, கீழே தெரிந்த தடத்தைக் கையால் காட்டினார்.

"இந்த வருசத்து சோறு இதாம்மா. அங்க பள்ளம்னு யாரு சொன்னது?"

"கருவி சொல்லுதுக்கா."

"பள்ளம்னா இந்த மழைக்குத் தண்ணி நிக்கணுமில்ல? ஒரு தவள நனையற தண்ணி கூட அங்க நிக்கலியே."

எனக்குக் கோபம்தான் வந்தது. கண்ணால் பார்ப்பதைவிட நோட்டில் இருப்பதை நம்பு என்பதுதான் நான் படித்த படிப்பு. இருந்தாலும் அவர் மனம் ஆறட்டும் என்று, கோலோடு போய் அந்த இடத்தில் நிற்கச் சொன்னேன். கருவி வழியாகப் பார்த்தேன். எண்கள் நேராக, தெளிவாகத் தெரிந்தன.

எங்களிடம் இருந்த லெவல் கருவியில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். எண்களையும் தலைகீழாகவே படித்துப் பழகியிருந்தோம். நேராகத் தெரிகிறது என்றால் கோல் கவிழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். கவிழ்ந்த கோலில் எண் மேலிருந்து தொடங்கும்; அளவு கூடிப்போய், சமமான தரையும் கணக்கில் பள்ளமாகிவிடும். முந்தின நாள் மழை வருமுன் அவசரமாக அளந்தபோது அந்த மூன்று அளவுகளை மட்டும் சுலபமாகப் படிக்க முடிந்ததே என்று நான் சந்தோஷப்பட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"கோலை ஏன்க்கா திருப்பிப் பிடிச்சீங்க?"

"நேத்து ஆசயா கேட்டேன்னு அந்தக் கண்ணாடில பாக்க வுட்டீங்கல்ல? எல்லாம் தலகீழா கீது. பாவம், இத்த வச்சி எப்டி படிப்பீங்க? உங்களுக்கு நேராத் தெரியட்டும்னுதான் நானே திருப்பிக்கினேன்."

எனக்கு நல்லது செய்யப் போய்த் தன் கொல்லையையே இழக்க இருந்தார். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அதில் தவறே இல்லை. கோலைக் கையில் கொடுத்த நான், அதை ஏன் அப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லவே இல்லை.

மூன்று இடங்களையும் மறுபடி அளந்தோம். பள்ளம் எதுவும் இல்லை. கொண்டுவந்த முளைகளைச் சாக்கில் திரும்பப் போட்டேன். அளவு நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது. மூன்று வரிகளையும் கோடு போட்டு அடித்து, 'கோல் தலைகீழ், என் கவனக்குறைவு' என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "எம் பேரையும் எழுதிட்டீங்களா?"

"இல்லக்கா, என் பேருதான்."

"அப்ப சரி. உங்க கண்ணாடிக்குப் புத்தி தலகீழ்னு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

ரோட்டைப் பழைய தடத்திலேயே போட்டார்கள். அந்த வருடச் சாமை அறுப்பாகி அவர் வீடு சேர்ந்தது. நான் இன்னும் இதே வேலையில்தான் இருக்கிறேன். என் கணக்கும் தரையும் ஒத்துப்போகாத இடத்தில், அந்தத் தரையில் நிற்பவரைக் கேட்ட பிறகே முளை அடிக்கிறேன்.