பிலோமினம்மாவும் நீதவான்களும்

நீதவான் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து பிலோமினம்மா ரீவியின் சத்தத்தை நிறுத்திவிடுகிறார். கறுப்பு வெள்ளைப் படம். உலக யுத்தம் முடிந்த கையோடு லண்டனில் எடுத்தது. நனைந்த கோட்டோடு ஒரு பெட்டை கூண்டில் நிற்கிறாள். யாரோ ஒருத்தியின் கைப்பையைக் களவெடுத்துக்கொண்டு நடன மண்டபத்துக்குப் போனவள். "இவர் என்ன சொல்லப்போறார் எண்டு எனக்குத் தெரியும். சீர்திருத்தப் பள்ளி, மூண்டு வருஷம்," என்கிறார் பிலோமினம்மா, உடுப்பு அயன் பண்ணியபடியே. சட்டைக் கை கருகும் மணம் வருகிறது.

நாங்கள் வந்து குடியேறிய பிளாக்டவுனில் அவருக்குப் பக்கத்து வீடு எனது. மன்னார்க்காரர், அறுபதை நெருங்குகிறார். காலையில் ஒரு முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் வேலை, மத்தியானத்துக்குப் பிறகு இந்தப் படங்கள். சுற்றிவரக் கதிரைகள் கிடந்தும் ஒன்றிலும் அவர் முழுதாக அமர்ந்து நான் கண்டதில்லை. ஒரு கண் குசினி அடுப்பில், ஒரு கண் ரீவியில், காது மட்டும் தெருவில். அந்தக் காலத்து ஆட்கள் ஆங்கிலத்தை ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசுகிறார்கள், அதனால்தான் பார்க்கத் தொடங்கினாராம். இப்போது அந்தப் பெட்டைகளை விட முடியவில்லை. அநேகமாக எல்லாப் படத்திலும் தாயோ தகப்பனோ நீதிமன்றத்தில் எழும்பி, இவள் எங்கள் சொல் கேட்பதில்லை என்று முறையிடுவார்கள். அந்த இடம் வந்தால் அம்மா ரீவிக்குக் கிட்டப் போய், "வாயை மூடு விசரி" என்பார்.

படத்தோடு விட்டால் பரவாயில்லை. எங்கள் தேவாலயப் பங்கில் யாருடைய பிள்ளையாவது பொலிசில் மாட்டினால், கார்த் திறப்பும் கையுமாக முதல் ஆளாக அந்த வீட்டு வாசலில் நிற்பார். ஆங்கிலம் அரைகுறை, சட்டம் அதைவிடக் குறை. துணைக்குப் போகிறவருக்கு அதெல்லாம் எதற்கு என்பது அவர் கட்சி.

போன வியாழன் ஜெனோஜாவின் முறை. பதினைந்து வயது. கூட்டாளிகளோடு கடையில் களவெடுத்துப் பிடிபட்டவள். தகப்பனுக்குப் பயந்து இரண்டு கிழமை வீட்டுப்பக்கமே வராமல் திரிந்தவளைப் பொலிஸ் தேடிப் பிடித்தது. தகப்பன் பொனிபஸ் பொறுப்பெடுத்தால் பிணையில் வீட்டுக்கு, இல்லாவிட்டால் தடுப்பு இல்லத்துக்கு. காரில் நானும் இருந்தேன். வழி முழுக்க அம்மா பொனிபஸுக்கு ஒரே பாடம் நடத்தினார்: கேட்டால் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மட்டும் சொல்ல வேண்டும், மேலே ஒரு சொல்லும் வேண்டாம்.

பொனிபஸ் நன்றாகத்தான் தலையாட்டினார். நீதவானைக் கண்டதும் மனிதருக்கு ஊர்த் தலைமை ஆசிரியரைக் கண்ட மாதிரி ஆகிவிட்டது. பெரியவர் முன்னால் சொந்தப் பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் பேசலாமா? கையைக் கட்டிக்கொண்டார். "இவள் எங்களுக்கு அடங்கிறாளில்லை ஐயா. நீங்களே திருத்துங்கோ. கண்ணை மட்டும் விட்டிட்டு மற்ற இடமெல்லாம் அடியுங்கோ," என்றார்.

நம்மவர் பிள்ளையை வாத்தியாரிடம் ஒப்படைக்கும்போது சொல்வது அது. பாதி மரியாதை, பாதி பாசம். மொழிபெயர்ப்பாளர் பாவம், சொன்னதைச் சொன்னபடி ஆங்கிலத்தில் வைத்தார். நீதவான் பேனையைக் கீழே வைத்துவிட்டு, இந்தப் பிள்ளைக்குப் போக வேறு வீடு இருக்கிறதா என்று கேட்டார்.

பிலோமினம்மா எழுந்துவிட்டார். இங்கே சத்தத்தை நிறுத்தப் பொத்தான் இல்லை. இருக்கச் சொல்லி அலுவலர் கைகாட்டியதை அவர் கவனிக்கவே இல்லை; பொனிபஸைத்தான் பார்த்தார்.

"தம்பி, இது பள்ளிக்கூடமில்லை. நீ பிள்ளையைக் குடுத்தா இவை எடுத்துப்போடுவினம்."

பொனிபஸின் கட்டிய கை அவிழ்ந்தது. "என்ர பிள்ளை," என்றார். "நான் வீட்டை கூட்டிக்கொண்டு போறன்."

முதலில் சொன்னது அடிக்கச் சொன்னதல்ல, ஊர் வழக்கம் என்று மொழிபெயர்ப்பாளர் விளங்கப்படுத்தினார். நீதவான் நம்பியும் நம்பாமலும் ஜெனோஜாவிடமே கேட்டார், தகப்பனோடு போக விருப்பமா என்று. அவள் தகப்பனைப் பார்த்தபடியே "யெஸ்" என்றாள். நிபந்தனைகளோடு வீட்டுக்கு விட்டார்கள்.

வெளியே வந்ததும் அம்மாவின் ஆத்திரம் முழுக்கப் பெட்டையின் மேல் திரும்பியது. எங்கே சாப்பிட்டாய், எங்கே படுத்தாய் என்று கேட்டபடி குட்டுவதற்கு விரல்களை மடக்கிக் கையை ஓங்கினார். ஜெனோஜா விலகவில்லை. தலையைக் குனிந்து கொடுத்தாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு மடக்கிய விரல்கள் விரிந்து, அவளுடைய சிக்குப்பிடித்த தலைமயிரைக் கோதத் தொடங்கின.