முதுகுக் கூடையும் முன்னால் இருக்கிற கூடையும்

தட்டு எறிவதுதான் என் வேலை என்று யாரிடமாவது சொன்னால், "வீட்டுல சண்டையா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

சண்டை இல்லை. பூனாகலைப் பக்கம் ஒரு பழைய பங்களாவை விருந்தினர் விடுதியாக்கி, கைவிட்டுப்போன தேயிலை மலையில் ஒன்பது இரும்புக் கம்பம் நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கம்பத்திலும் சங்கிலி தொங்கும் ஒரு கூடை. தூரத்தில் நின்று பிளாஸ்டிக் தட்டை எறிந்து அதற்குள் விழுத்த வேண்டும். டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். வெகுதூரம் போக ஒரு தட்டு, கிட்ட நின்று போட ஒரு தட்டு, இடையில் நடுத்தூரத் தட்டு. மனுசரை அழவைப்பது இந்த மூன்றாவதுதான். நீங்களும் அதில் அழுத ஆள் என்றால், கொஞ்சம் பக்கத்தில் வாங்க.

தேடுற ஆள்

தேயிலைக் கொழுந்து பறிப்பை விட்டு விடுதிக்கு வந்தபோது எனக்குக் கிடைத்தது தட்டுத் தேடுகிற வேலை. விருந்தினர் எறிவார்கள், தட்டு தேயிலைச் செடிக்குள் போகும், நான் பின்னால் போவேன். கடைசித் தட்டு கிடைக்கிற வரைக்கும் வீட்டுக்குப் போக முடியாது. சில நாள் ஆறு மணியாகும். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தை நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மகளுக்கு மூன்று வயது. மீதி நேரம் அவள் பக்கத்து வீட்டுக் காம்பராவில், ஒவ்வொரு நாளும் அவர்கள் முகம் சுளிக்கிறார்களா என்று நான் பார்த்தபடி.

தேடிய தட்டுக்களை நடந்து கொண்டுபோய்க் கொடுக்கச் சோம்பல்பட்டு எறியத் தொடங்கினேன். மெனேஜர் சேர் அதைப் பார்த்திருக்கிறார். சீசனுக்கு முன்னால் எறியப் பழக்குகிற ஆள் ஒருவர் தேவை, மூன்றரை மணியோடு வேலை முடியும் என்றார். மாதக் கடைசியில், நூற்றைம்பது அடியில் நின்று நடுத்தூரத் தட்டு ஐந்து எறிய வேண்டும். கூடையைச் சுற்றி முப்பதடிக் கயிறு பிடித்துப் போட்ட வட்டத்துக்குள் மூன்று விழுந்தால் வேலை எனக்கு. இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து ஆள் வரும்.

சமையலறைப் புஷ்பம் அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கறியைக் கிண்டுவதை நிறுத்தவில்லை.

"அஞ்சுல மூணா? நீ சோத்துக்கு உப்புப் போட்டாலே அஞ்சு நாள்ல ரெண்டு நாள்தான் சரியா வரும்."

ஆறு வருசப் பழக்கம்

முதல் வாரம் நான் எறிந்த தட்டெல்லாம் பாதி வழியில் முன்விளிம்பு மூக்கைத் தூக்கி, மேலே ஏறி, அங்கேயே கொஞ்சம் நின்று யோசித்து, இடப்பக்கம் விழுந்தது. உங்களுக்கும் அப்படித்தானே? பிடியை மாற்றினேன். தட்டை மாற்றினேன். செருப்பைக்கூட மாற்றினேன். தட்டு மேலேயே போனது.

பிழையைக் கண்டுபிடித்தது புஷ்பம் அக்கா. அவரும் முன்னாள் கொழுந்துக்காரி. வெங்காயம் உரித்தபடி பின்கதவில் நின்று பத்து எறி பார்த்தார். கொழுந்து பறிக்கிறவர்களுக்குக் கை நிறைந்தால் தலைக்கு மேலால் முதுகுக் கூடைக்குப் போடுவதுதான் பழக்கம். ஆறு வருசம் போட்ட கை. தட்டை விடுகிற நேரத்திலும் மணிக்கட்டு தானாக மேலே சுண்டிப் பின்னுக்குத் திரும்பியிருக்கிறது. எனக்கே தெரியாது.

"அடியே செலின், கூடை இப்ப முதுகுல இல்லடி, முன்னால இருக்கு!"

கேத்தல்

நோய் தெரிந்துவிட்டது, மருந்து தெரியவில்லை. மணிக்கட்டைக் கீழே வை, கீழே வை என்று எனக்கு நானே சொன்னால் தோள் வரைக்கும் விறைத்துக்கொண்டது. ஒரு நாள் புஷ்பம் அக்கா கேத்தலைச் சரித்துப் பிளேன்டீ ஊற்றும்போது அவர் கையைப் பார்த்தேன். பெருவிரல் பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. எனக்கு வேண்டியது அதேதான்.

அன்றிலிருந்து பங்களாவில் எல்லாருக்கும் தேத்தண்ணி நான்தான் ஊற்றினேன். இரண்டு நாளில் தட்டின் மூக்கு அடங்கத் தொடங்கியது. மூன்றாம் நாள் மெனேஜர் சேர் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"செலின், இது எனக்கு நாலாவது. நீங்க தட்ட எறிஞ்சே பழகுங்க."

ஓட்டம்

மூக்கு அடங்கியதும் தூரம் குறைந்தது. வெளிநாட்டுக்காரர்கள் நாலு எட்டு ஓடிவந்து எறிவதைப் பார்த்திருந்ததால், நானும் ஓடினேன். அவர்கள் ஓடியது சமதரையில். நான் ஓடியது மழை பெய்த சரிவில். தட்டு ஒரு பக்கம், நான் தண்ணீர் ஓடுகிற கானுக்குள்.

என்னைக் கூட்டிப்போக வந்த என் வீட்டுக்காரர் முழுவதையும் பார்த்திருக்கிறார். அவர் எல்ல நகரத்து வீதியில் ஆட்டோ ஓட்டுகிறவர். என்னைத் தூக்கிவிட்டு, தட்டையும் துடைத்துத் தந்தார். அவர் பேச்சைக் கேட்டு ஓட்டத்தை விட்டு ஒரே ஒரு எட்டு வைத்தேன். இடுப்பு முதலில் திரும்ப, கை பின்னால் வர, தட்டு நேரே போனது. அதை அவரிடம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அன்று அவர் சொன்னது இதுதான்:

"இந்தச் சின்னத் தூரத்துக்கு எதுக்குடி டொப் கியரு? ரெண்டாவதுல மெதுவா ஏத்து."

இஸ்தோப்பு

கை நேர்கோட்டில் வரவேண்டும், வளையக்கூடாது. இதை எங்கள் லயத்து வீட்டின் முன்திண்ணையான இஸ்தோப்பில் சுவரை ஒட்டி நின்று பழகினேன். தட்டு சுவரில் உரசினால் பிழை. மகள் என் பின்னால் நின்று சோற்றுத் தட்டை வைத்து அப்படியே செய்தாள். நான் தட்டை விடவில்லை. அவள் விட்டுவிட்டாள். அது அருமையாக, மூக்கைத் தூக்காமல் போய், பக்கத்துக் காம்பராக்காரி கழுவிக் கவிழ்த்திருந்த பானைகளை வரிசையாகச் சாய்த்தது.

"சாயந்தரமெல்லாம் பிள்ளைய பாத்துக்கிறதும் நான், பானைய பொறுக்குறதும் நானா? சீக்கிரமா அந்த வேலைய வாங்கித் தொலையேன், தாயே!"

துணிக்கடை முதலாளி

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் பதுளையிலிருந்து ஒரு துணிக்கடை முதலாளி குடும்பத்தோடு வந்தார். பெரிய உடம்பு. பல்லைக் கடித்து எறிந்தார், தட்டு மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. தேடிக் களைத்த நான், "ஐயா, பாதிப் பலம் போதுங்க" என்றேன். தேடுகிற பெண் சொல்லியா கேட்பது என்று முறைத்தார். பிள்ளைகள் சிரித்ததால் செய்து பார்த்தார். சங்கிலி கலகலவென்றது.

"பாதிக்கே இப்படின்னா, இவ்வளவு நேரமா மிச்சப் பாதிய நான் எங்கம்மா கொட்டினேன்?"

ஐந்தாவது தட்டு

பரீட்சை காலையில், தோட்டத்தில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆள் போகிற நேரம். முதல் தட்டு வட்டத்துக்குள். இரண்டாவதை எதிர்காற்று தூக்கி அப்பால் போட்டது. மூன்றாவது உள்ளே. நாலாவதில் மகளின் நினைப்பு வந்தது, மணிக்கட்டு பழையபடி முதுகுக்குத் திரும்பியது, இடப்பக்கம் போனது.

ஐந்தாவதை எடுத்தபோது பனிமூட்டம் இறங்கிக் கம்பத்தை மூடிவிட்டது. பனி விலகும் வரை நிற்கவா என்று கேட்டேன். "விருந்தாளிங்க வந்தாலும் இப்படித்தான் இருக்கும்" என்றார் மெனேஜர் சேர். ஒரு எட்டு வைத்து, கேத்தலைச் சரித்து, விட்டேன். சங்கிலிச் சத்தம் இல்லை.

அவர் இறங்கிப் போய்க் கயிறு பிடித்துத் தேடினார். வட்டத்துக்குள் இல்லை என்றார். கொழும்பு ஆளுக்குப் போன் பண்ணக் கையைச் சட்டைப்பைக்குள் விட்டார். மேலே ஏறி விழுகிற தட்டு செடியின் தலையில் உட்காரும். தாழ்ந்து தட்டையாகப் போனது அப்படி உட்காராது, அடியில் புகுந்துவிடும். இது தேடுகிறவளுக்குத்தான் தெரியும். "சேர், நீங்க மேல பாக்குறீங்க, கீழ குனிஞ்சு பாருங்க" என்றேன். மூன்றாவது செடியின் தூரில், காய்ந்த சருகுக்குள், தட்டு செருகி நின்றது. கம்பத்திலிருந்து எட்டே காலடி, வட்டத்துக்குள்தான்.

அவர் கயிற்றைச் சுருட்டினார். தட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"நாளையில இருந்து பழக்குறது நீங்கதான். ஆனா ஒண்ணு, இந்த மாதிரி தேடுறதுக்கு இன்னொரு ஆள் கெடைக்கிற வரைக்கும் அதையும் நீங்களே பாத்துக்கங்க."

ஆக, எறியச் சொல்லிக்கொடுப்பதும் நான், எறிந்து தொலைத்ததைத் தேடுவதும் நான், ஆனால் மூன்றரைக்குப் பிறகு தொலைகிற தட்டெல்லாம் விடியும் வரைக்கும் செடிக்குள்ளேயே படுத்திருக்கட்டும், ஏனென்றால் நாலு மணிக்கு நான் மடுவத்து வாசலில் நிற்பேன்.